தொரைத் தும்பி

நாகலெட்சுமி தன் செருப்பில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். மற்றதைத்தான் காணோம். இழவு வீட்டு வாசலில் ஐம்பது ஜோடிக்குக் குறையாமல் கிடந்தன. எல்லாம் ஒரே ரப்பர், ஒரே நீல வார்.

"எங்கக்கா கெளம்பிட்டீங்க?" பக்கத்து அறையான காம்பராவில் இருக்கிற ராசம்மா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"நீர்மாலைக்கு."

"நீங்களா? நீங்க உள்ள ஒக்காருங்க. அவங்க போய் தண்ணி எடுத்துட்டு வந்துருவாங்க. பொண்டாட்டிக்காரி பொணத்த விட்டுட்டுப் போவாங்களா?"

"எனக்குப் போகணும்."

உள்ளே பெஞ்சில் அவள் புருஷன் சோலைமலை வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தார். வயது அறுபத்தாறு. நேற்று மத்தியானம் சோறு தின்றுவிட்டு, "கொஞ்சம் சாயுறேன், மூணு மணிக்கு எழுப்பு" என்று சொல்லிப் படுத்தவர். மற்ற நாளெல்லாம் எழுப்ப மறந்துவிட்டு ஏச்சு வாங்குகிற நாகலெட்சுமி, நேற்றுத்தான் சரியாக மூன்று மணிக்குப் போய் எழுப்பினாள். அவர் எழும்பவில்லை.

சோலைமலையின் தம்பி வீரய்யா வந்தார். சடங்கெல்லாம் அவர் பொறுப்பு. "அண்ணி, முறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார் மெதுவாக.

"முப்பத்தாறு வருசமா எல்லா முறையும் பாத்தாச்சு தம்பி. இன்னைக்கி ஒரு நாள் விடுங்க."

வீரய்யா வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசலில் நின்ற பெண்களும் முந்தானையை எடுத்தார்கள். புருஷனைக் குளிப்பாட்டுகிற தண்ணீரைத் தன் கையாலேயே மோக்க ஆசைப்படுகிறாள், பாவம் என்று பேசிக்கொண்டார்கள். நாகலெட்சுமி அதை மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் பிடித்து உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். அவளுக்கு ஓடைக்குப் போய் ஒரு தும்பியைப் பார்க்க வேண்டும். அதுவும் மூன்று மணிக்குள் பார்க்க வேண்டும்.

சோலைமலை தேயிலைத் தோட்டத்துத் தண்ணீர்க்காரராக இருந்தவர். மேலே ஓடையிலிருந்து பைப் வழியாக, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் தொட்டிக்குத் தண்ணீர் வரும். இலை அடைத்தாலும் பைப் உடைந்தாலும் அவர்தான் ஓட வேண்டும். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் பத்து மணியானால் ஓடைக்குப் போய்விடுவார். கேட்டால் அடைப்புப் பார்க்கப் போகிறேன் என்பார். பார்ப்பது தும்பி.

பாறைக்குக் கீழே ஒரு குட்டை உண்டு. அங்கே இரண்டு விதத் தும்பிகள். ஒன்றுக்கு நெஞ்சு கறுப்பு, வால் நீலம், வால் நுனி மறுபடி கறுப்பு. பாறை உச்சியில் உட்கார்ந்துகொண்டு வேறு தும்பி எதையும் எல்லைக்குள் விடாமல் விரட்டும். தோட்டத்துத் துரை மாதிரி அது போட்டிருக்கிற கறுப்புக் கோட்டுச் சட்டையையும் அதிகாரத்தையும் பார்த்து அதற்குத் 'தொரை' என்று பெயர் வைத்தவளே நாகலெட்சுமிதான். மற்றது மஞ்சள். நெஞ்சில் அகலமாக மஞ்சள் பட்டை, வாலில் கறுப்பும் மஞ்சளும் கலந்த கோடு. அது கரையோரத்துப் புல்லில் அடக்கமாக உட்கார்ந்திருக்கும்.

"ரெண்டும் ஒரே சாமான்தான்" என்றார் சோலைமலை ஒரு நாள். அவர்கள் மகள் ஜெயந்தினி அப்போது நாலாம் வகுப்பு. "மஞ்சளா இருக்கிறது எளசு. வயசானா மேல நீலம் பூத்துத் தொரையா ஆயிரும்."

"மஞ்சத் தும்பி தொரையாகுமா? கொழுந்து எடுக்கிறவ தொரையாகுற கதையால்ல இருக்கு!"

"எல்லாத் தொரையும் பொறக்கும்போது மஞ்சதான் லெச்சுமி. செறகு ஒடம்போட ஒட்டுற எடத்தப் பாரு. ரெண்டுக்கும் அதே முக்கோணம், அதே கறுப்பு. சட்டைய மாத்தலாம், அத மாத்த முடியாது."

"ஒங்களுக்கும் எனக்கும் ஒரே எடத்துல மச்சம் இருந்தா நாம ரெண்டு பேரும் ஒரே ஆளா?"

அப்படி ஆரம்பித்த பந்தயம் இருபது வருஷம் ஓடியது. அவள் ஜெயித்தால் அவர் ஒரு மாதம் ரொட்டி சுட்டுத் தேங்காய்ச் சம்பல் இடிக்க வேண்டும். அவர் ஜெயித்தால் அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஒரே ஒரு தடவைதான். ஆனால் லயத்தின் பத்துக் காம்பராவுக்கும் கேட்க வேண்டும்.

புருஷன் பெயரைச் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். மற்ற பெண்களுக்கு இது பெரிய சிரமமில்லை. கடைசி லயத்து ஆறுமுகத்தின் மனைவி எண்ணும்போது ஐந்திலிருந்து ஏழுக்குத் தாவிவிடுவாள், அவ்வளவுதான். நாகலெட்சுமிக்கு வாய்த்த பெயர் சோலைமலை. தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு மலை என்று சொல்லாமல் ஒரு நாளை ஓட்டிவிட முடியுமா? கொழுந்து எடுக்கிற ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் மலை என்றுதான் பெயர். காலையில் எல்லோரும் கூடுகிற பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போதே நாலாம் நம்பர் மலை, ஏழாம் நம்பர் மலை என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அவள் மட்டும் மேடு என்றாள். "நாலாம் நம்பர் மேட்டுக்குப் போறேங்க" என்பாள். முதல் மாதம் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் பழகிவிட்டது.

ஜெயந்தினி பிறந்தபோதுதான் பெரிய வம்பாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சிங்கள நர்ஸ் ஒருத்தி பிள்ளையின் அப்பா பெயரைக் கேட்டாள். நாகலெட்சுமி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காட்டினாள். நர்ஸ் எட்டிப் பார்த்தாள், யாரும் இல்லை. சிங்களத்தில் சொன்னால் குற்றமில்லை என்று தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு நாகலெட்சுமி, "கந்த" என்றாள். மலைக்குச் சிங்களம் அதுதான். நர்ஸ் 'கந்தா' என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள். பதினாறு வருஷம் கழித்து ஜெயந்தினிக்கு அடையாள அட்டை எடுக்கிற நேரத்தில், கந்தாவைச் சோலைமலையாக மாற்ற அவர் நுவரெலியாவுக்கு ஏழு தடவை பஸ் ஏறினார். ஏழு தடவையும் சிரித்துக்கொண்டேதான் திரும்பி வந்தார்.

கடைசி நாலு நாளும் அவருக்கு ஒரே பேச்சு. "ஒண்ணு மாறிக்கிட்டு இருக்கு லெச்சுமி. பாதி மஞ்ச, பாதி நீலம். வந்து பாத்துட்டுப் பேரச் சொல்லு." நாலு நாளும் தூறல். அவளுக்கு முழங்கால் வலி வேறு. "நாளைக்கி வெயில் அடிச்சா வாறேன்" என்று நேற்றுச் சோறு போடும்போதுதான் சொன்னாள்.

இன்று வெயில் அடித்தது. இரண்டு வாரமாக மூடிக்கிடந்த வானம் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. மூன்று மணிக்குத் தூக்கிவிடுவார்கள். தோற்றிருந்தால் அவர் முகம் வெளியே தெரியும்போதே சொல்லியாக வேண்டும். மண்ணைப் பார்த்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

மற்றச் செருப்பு கிடைக்கவில்லை. யாருடையதையோ மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

முன்னால் தப்பு மேளம் அடிக்கிறவர்கள் போனார்கள். பின்னால் ஒரு வெள்ளை வேட்டியை நாலு கம்பில் கட்டி நாலு பேர் பந்தல் போலப் பிடித்துக்கொள்ள, அதன் கீழே ஜெயந்தினி குடத்தோடு நடந்தாள். ஹட்டனில் போன் கடையில் வேலை பார்க்கிற பெண். ராத்திரியே ஓடிவந்து அழுது முகம் வீங்கியிருந்தாள். முன் கம்பு வீரய்யாவின் கையில். அவர்களுக்குப் பின்னால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே முழங்காலைப் பிடித்துப் பிடித்து நாகலெட்சுமி ஏறினாள். ஈரம் காய்கிற வாசனை மூக்கில் ஏறியது. இந்த ஒற்றையடிப் பாதையில் அவர் தினமும் போனார், நாலு நாள் கூப்பிட்டும் நான் வரவில்லையே என்று நினைத்துக்கொண்டாள். அதே நேரத்தில் பார்த்துவிடுவோம் என்று கால் வேகமாகவும் போனது.

குட்டைக்கு வந்ததும் அவள் வீரய்யாவிடம், "தம்பி, தப்பக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க" என்றாள்.

தப்பு நின்றது. அவள் போய்க் கரையில் குந்திக்கொண்டாள். பிரார்த்தனை பண்ணுகிறாள் என்று நினைத்து எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வீரய்யா கண்ணையே மூடிவிட்டார். தண்ணீர் பைப் வாயில் களக் களக் என்று விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஜெயந்தினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காதோடு, "தும்பியாம்மா?" என்றாள்.

"ம்."

ஜெயந்தினிக்கு நேற்றிலிருந்து முதல் தடவையாக வாய் கோணியது. சிரிப்பை அடக்கத் தோள் குலுங்கியது. பின்னால் நின்ற பெண்கள், "அழட்டும், அழட்டும்" என்றார்கள்.

முதலில் தொரை வந்தது. பாறை உச்சியில் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து சிறகை முன்னால் தாழ்த்திக்கொண்டது. நல்ல வயதான தொரை. நீலம் என்று தூரத்தில் தெரிவது கிட்டப் பார்த்தால் மாவு. திராட்சைப் பழத்தின் மேல் இருக்குமே, தொட்டால் விரலில் வருமே, அது மாதிரி. வாலின் நடுவில் இரண்டு பக்கமும் அந்த மாவு தேய்ந்து உள்ளே இருக்கிற கறுப்பு தெரிந்தது.

"வாலு ஏன்மா தேஞ்சிருக்கு?"

"தெரியலயே."

சொல்லி வாய் மூடுவதற்குள் புல்லிலிருந்து மஞ்சள் எழும்பிக் குட்டைக்கு மேலே வந்தது. தொரை பாய்ந்தது. விரட்டப்போகிறது என்று பார்த்தால், வால் நுனியால் மஞ்சளின் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. மஞ்சள் வளைந்து சேர்ந்து, ஆறு காலாலும் தொரையின் வாலைக் கட்டிப் பிடித்தது. மாவு தேய்ந்த அதே இடத்தில்தான் பிடித்தது.

"அடி ஆத்தே" என்றாள் நாகலெட்சுமி. "கலியாணமான தொரை!"

இப்போது அவளுக்கே தோள் குலுங்கியது. ராசம்மா பின்னாலிருந்து வந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் இரண்டும் பிரிந்தன. மஞ்சள் தாழப் பறந்து வால் நுனியால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழும்பியது. மேலே ஒரு முழ உயரத்தில் தொரை காவல் நின்றது.

"முட்டை போடுதும்மா. அப்ப ரெண்டும் ஒண்ணுதான். அப்பா ஜெயிச்சிட்டாரு."

"அது எப்புடி? ஒண்ணுங்கிறத ஒத்துக்கிறேன். ஆனா மஞ்ச நீலமாகும்னுதான் ஒங்கப்பா சொன்னாரு. இது முட்டையே போடுது, இன்னும் மஞ்சளாத்தானே இருக்கு? இதுக்கு மேல எப்ப நீலமாகுறது?" என்றாள். "நான்தான் ஜெயிச்சேன்."

சொன்ன பிறகுதான் அந்த ஜெயிப்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்தது. கொஞ்சமும் பிடிக்கவில்லை. இருபது வருஷம் அவர் தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்தார், கடைசி நாலு நாளும் இல்லாத ஒன்றைப் பார்க்கத்தான் கூப்பிட்டார் என்றால்? தோற்றுப்போகத்தான் இவ்வளவு தூரம் முழங்காலை இழுத்துக்கொண்டு வந்தோம் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

வீரய்யா கண்ணைத் திறந்தார். "அண்ணி, நேரமாகுது. தண்ணிய மோந்துருவமா?"

நாகலெட்சுமி எழும்பித் திரும்பினாள். திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"தம்பி, ஆடாதீங்க!"

வீரய்யா பயந்துபோய், "என்னாங்கண்ணி, பாம்பா?" என்றார்.

"ஆடாதீங்கங்கிறேன்ல!"

அவர் பிடித்திருந்த கம்பின் உச்சியில் ஒரு தும்பி உட்கார்ந்திருந்தது. ஜெயந்தினி மெதுவாகப் போனை எடுத்தாள். நாகலெட்சுமி ஒவ்வோர் அடியாகக் கிட்டப் போனாள். சிறகு உடம்போடு ஒட்டுகிற இடத்தில் கறுப்பு முக்கோணம். நெஞ்சில் மஞ்சள் பட்டை இருந்தது, ஆனால் புகை பிடித்த சுவர் மாதிரி மங்கிக் கறுக்க ஆரம்பித்திருந்தது. வாலில் பழைய மஞ்சள் கோடு அப்படியே கிடக்க, அதன் மேல் திட்டுத் திட்டாக நீலம். குளித்துவிட்டுத் துவட்டாமல் விபூதி பூசிக்கொண்ட ஆள் மாதிரி, பிடித்த இடத்தில் பிடித்தும் பிடிக்காத இடத்தில் பிடிக்காமலும் இருந்தது.

பாதி மஞ்சள், பாதி நீலம்.

"தோத்துட்டேன்!" என்று கத்தினாள் நாகலெட்சுமி. சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, வாய் சிரித்தது. "ஜெயந்தி, நான் தோத்துட்டேன்டி!"

சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீரய்யா மட்டும் அசையவில்லை. அண்ணி சொல்லுகிற வரைக்கும் கம்பைப் பிடித்தபடி மூச்சு விடாமல் நின்றார்.

திரும்பி இறங்கும்போது ஜெயந்தினி குடத்தைச் சுமந்துகொண்டு யோசித்துக்கொண்டே வந்தாள். "ஆனாம்மா, முட்டை போட்டது மஞ்சதானே? அப்ப பொண்ணுங்க கடைசி வரைக்கும் மஞ்சளாத்தான் இருக்கும்போல. பயலுங்கதான் நீலமாகுறானுங்க."

"அதானே? அப்ப நான் பாதிதான் தோத்தேன்."

"பாதி ஜெயிச்சீங்க."

"என் பாதிக்கு ரொட்டி யாருடி சுடுறது? ஆள் படுத்துட்டாரே."

"நான் சுடுறேன்" என்றாள் ஜெயந்தினி. இரண்டு பேரும் தேயிலைச் செடியைப் பார்த்தபடி நடந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் சிரித்துவிடுவோம் என்று பயம்.

குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, பெட்டியில் வைத்தார்கள். பெண்கள் மாரடித்துச் சுற்றி வந்தார்கள். மணி இரண்டே முக்கால். மூடியைக் கொண்டுவரச் சொல்லி வீரய்யா கையைக் காட்டினார்.

"கொஞ்சம் இருங்க தம்பி. எனக்கு ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு."

ஒப்பாரி நின்றது. நாகலெட்சுமி பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். நல்ல தூக்கத்தில் இருக்கிற முகம். மூணு மணிக்கு எழுப்பு என்று சொன்ன அதே முகம். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. முப்பத்தாறு வருஷம் தொண்டையில் கிடந்தது அவ்வளவு லேசில் மேலே ஏறுமா? ஆயுசு குறையும் என்று அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. இனிக் குறைய என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். இடுப்பில் கையை ஊன்றி, எதிர் மேட்டில் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

"சோலை!"

பத்துக் காம்பராவுக்கும் கேட்டது. வாசலில் பெஞ்சில் இருந்தவர்கள் எழும்பிவிட்டார்கள். லயத்துக் கடைசியில் ஒரு நாய் குரைத்தது.

எல்லோரும் மீதி வரும் என்று காத்திருந்தார்கள். ராசம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "மிச்சம்?" என்றாள்.

"மிச்சம் கெடையாது. பாதிதான் தோத்தேன்."

முதலில் சிரித்தவர் வீரய்யா. துண்டை வாயில் வைத்து அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவருக்குப் பந்தயம் தெரியும். அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரித்ததைக் கேட்டவர்தான். அப்புறம் ஜெயந்தினி. அப்புறம் விஷயம் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாய்க்குப் போக, உள்ளே தொடங்கிய சிரிப்பு வாசலுக்குப் போய், தப்பு அடிக்கிறவர்கள் வரைக்கும் போனது. பெட்டியை மூடும்போது அழுதவர்களும் சிரித்த முகத்தோடுதான் அழுதார்கள்.

மூன்று மணிக்குத் தூக்கினார்கள். பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. நாகலெட்சுமி லயத்து வாசலில் கல்லில் உட்கார்ந்தாள். ராசம்மா வீடு கழுவத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். தப்புச் சத்தம் வளைந்து வளைந்து மேலே போனது. ஒரு வளைவில் வெள்ளைத் துணி தெரிந்தது, அடுத்த வளைவில் மறைந்தது.

உடப்புசல்லாவையிலிருந்து அவள் அண்ணன் மகன் கஜேந்திரன் அப்போதுதான் வந்து சேர்ந்தான். கையில் மாலை. பஸ் பிந்திவிட்டதாம், கீழே ரோட்டிலிருந்து ஓடியே வந்திருக்கிறான்.

"தூக்கிட்டாங்களா அத்தை?" மூச்சு வாங்கியது. "எந்தப் பக்கமாப் போறாங்க?"

நாகலெட்சுமி எழும்பி நின்றாள். முழங்கால் வலிக்கவில்லை. கையை நீட்டினாள்.

"மலைக்கு" என்றாள். "ஏழாம் நம்பர் மலை. குறுக்கால ஏறு, புடிச்சிரலாம்."

அவனுக்கு அது வெறும் வழி. மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். ராசம்மாவின் வாளி நிறைந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அவள் பைப்பை மூடவில்லை. நாகலெட்சுமி நீட்டிய கையை இன்னும் இறக்கவில்லை.